மொரிஸ் மைனரின் ரைமிங்: டிஸ்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டவாறு முதலில் எழுதிவிடுகிறேன். அம்மப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த 1098 சீசீ மொரிஸ் மைனர் காரின் இஞ்சினை அண்மையில் கழற்றிப் பூட்டுவித்திருக்கிறீர்கள். அதன் பிறகு, இஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்ராட் பண்ணினால் ஸ்ராட்டரைப் பின்னுக்கு உதைக்கிறது. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே குறையேதும் இல்லாமல் ஓடிய கார், அம்பாறை, உகணை, மகாஓயா வழியாகப் பதுளைக்குப் போனபோது, பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றத்தில் கடகடவென்று நொக்கிங் சத்தம் போட்டது. கராஜ் ஒன்றில் டிஸ்ரிபியூட்டரை, அதாவது நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகத்தை, சற்றுத் திருப்பிவிட்டார்கள். சத்தம் நின்றுவிட்டது, ஆனால் இப்போது 40 மைல் வேகத்துக்கு மேல் கார் இழுக்க மறுக்கிறது, சைலன்சர் குழாய் அளவுக்கு மீறிச் சுடுகிறது, றேடியேற்றரும் கொதிக்கிறது. எலெக்ற்றோனிக் இக்னிஷன் ஒன்றை வாங்கிப் பூட்டினால் தீருமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு அதை வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால், ரைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விட, வேகத்துக்கு ஏற்ப ரைமிங்கை முன்னே நகர்த்த வேண்டிய பொறிமுறை டிஸ்ரிபியூட்டருக்குள் இறுகிப்போயிருப்பதே காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் ரைமிங் பிழை என்றால், டிஸ்ரிபியூட்டரைத் திருப்பியதும் ஸ்ராட் பண்ணும்போதும், ஏற்றத்திலும், நெடுஞ்சாலை வேகத்திலும் எல்லாமே ஒன்றாகச் சரியாகும். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது என்றால், குறை டிஸ்ரிபியூட்டரின் உடல் நிற்கும் கோணத்தில் இல்லை.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிளக்கில் தீப்பொறி விழுந்தவுடன் சிலிண்டருக்குள் இருக்கும் பெற்றோல் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. சுவாலை பரவி அழுத்தம் உச்சத்தை அடையச் சிறிது நேரம் எடுக்கும், அந்த உச்சம் பிஸ்டன் மேலே போய்த் திரும்பிக் கீழிறங்கத் தொடங்கிய சற்றுப் பின்னர் வர வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாப்ட் ஒரு மில்லிசெக்கனில் 3.6 பாகை மட்டுமே சுழல்கிறது. 3000 சுற்றில் அதே ஒரு மில்லிசெக்கனில் 18 பாகை சுழன்றுவிடுகிறது. ஆகவே வேகம் கூடக்கூடத் தீப்பொறியும் முந்திக்கொண்டே போக வேண்டும், இந்த முந்துதலைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் என்ற சிறு மின்தொடுப்பு திறக்கும் கணத்தில்தான் தீப்பொறி விழும், அதைத் திறப்பது கேம் என்ற மேடுகள் உள்ள சுழல்துண்டு. மைனரில் அட்வான்ஸை இரண்டு பொறிமுறைகள் தருகின்றன. வேகத்துக்கு ஏற்ப விரிந்து பொயின்றைத் திறக்கும் கேமை முன்னே தள்ளும் இரண்டு எடைக்கட்டைகள் டிஸ்ரிபியூட்டருக்குள் அடியில் இருக்கின்றன. அக்ஸிலரேற்றரை இலேசாக மிதித்து ஓடும்போது கார்புரேற்றரிலிருந்து வரும் வெற்றிடத்தால் பொயின்ற் தட்டை நகர்த்தும் வக்யூம் டப்பா பக்கவாட்டில் இருக்கிறது.

எடைக்கட்டைகள் துருப்பிடித்து, விரிந்த நிலையிலோ பாதி விரிந்த நிலையிலோ நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 சுற்றில் கிடைக்க வேண்டிய அட்வான்ஸ், ஸ்ராட் பண்ணும் நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே அழுத்தம் எழுந்து அதைப் பின்னுக்குத் தள்ளுவதால் ஸ்ராட்டர் உதைபடுகிறது. ஏற்றத்தில் குறைந்த வேகத்தில் அக்ஸிலரேற்றரை முழுதாக மிதிக்கும்போது அதே மிகையான அட்வான்ஸ் நொக்கிங்காக வெளிப்படுகிறது. சத்தத்தை நிறுத்தக் கராஜில் டிஸ்ரிபியூட்டரைப் பின்னே திருப்பியதும், அடிப்பகுதி ஓரளவு சரியாகிவிடும். ஆனால் கட்டைகள் அதற்கு மேல் விரிய மாட்டாதவை என்பதால், வேகம் கூடும்போது தேவையான அட்வான்ஸ் கிடைக்காது. தீப்பொறி பிந்தினால் கலவை எரிந்து முடியுமுன்பே புகை வால்வு திறந்து, வேலைக்குப் போக வேண்டிய வெப்பம் சைலன்சருக்கும் றேடியேற்றருக்கும் போய்விடுகிறது. நீங்கள் சொன்ன அத்தனை அறிகுறிகளும் இந்த ஒரே காரணத்துக்குள் அடங்குகின்றன.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையோர வீதியில் கல்லடிப் பாலத்தில் ஏறுவதே ஒரு மலை ஏறுவதுதான். சமதரையில் அக்ஸிலரேற்றரைக் கால்வாசி மிதித்து ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அதனால் ரைமிங் எட்டுப் பத்துப் பாகை பிழையாக இருந்தாலும் இஞ்சின் முறையிடாமல் ஓடிவிடும். இங்கே குறையில்லாமல் ஓடிய கார் லுணுகலையில் ஏன் அழுதது என்பதற்கு விடை அதுதான். இந்தப் பக்கத்தில் ரைமிங்கைக் காதால் கேட்டு வைக்கும் பழக்கமும் இதனால்தான் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஐடிலில், அதாவது அக்ஸிலரேற்றரை மிதிக்காமல், ஓடும் இஞ்சினின் டிஸ்ரிபியூட்டரை முன்னே திருப்பத் திருப்ப அது இன்னும் விரைவாகவும் இனிமையாகவும் ஓடும். அந்த இனிமை உச்சத்துக்கு வரும் இடத்தில் கிளாம்பை இறுக்கினால், ரைமிங் ஏறக்குறைய எப்போதும் அளவுக்கு மீறி முந்தியிருக்கும். காது கூர்மையாக இருக்கும் மெக்கானிக்கையும் இது ஏமாற்றும்.

இனிப் பார்க்க வேண்டியவை. டிஸ்ரிபியூட்டரைத் தொடுவதற்கு முன், நீங்கள் நம்பப்போகும் அடையாளம் உண்மையானதா என்பதை உறுதிப்படுத்துங்கள். மைனரில் கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும், இஞ்சினின் முன்பக்கத்தில் ரைமிங் சங்கிலியை மறைக்கும் ரைமிங் மூடியின் அடிப்பக்கத்தில் மூன்று பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமான பல் ரீடீசீ, அதாவது முதலாம் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை. மற்ற இரண்டும் அதற்கு முன்னான 5 பாகையும் 10 பாகையும். காருக்கு அடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும், அழுக்கும் எண்ணெயும் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் இஞ்சின் போன்ற ஏ-சீரிஸ் இஞ்சின்கள் ஒஸ்ரின் கார்களிலும் மினியிலும் பிற்கால வண்டிகளிலும் வந்தவை. கிடைத்த புல்லியையும் கிடைத்த மூடியையும் சேர்த்துப் பூட்டிய இஞ்சின்கள் இலங்கையில் ஏராளம். பிற்கால மூடிகளில் சிலவற்றில் அளவுகோல் வேறு இடத்தில் இருக்கும். நடுவில் இறப்பர் வைத்த புல்லியாக இருந்தால், இறப்பர் நைந்து வெளி வளையம் சுழன்று நகர்ந்திருக்கவும் கூடும். அப்போது அடையாளம் பொய் சொல்லும்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதனூடாக முனை மழுங்கிய ஒரு போல்ற்றை இறுக்கிப் பொருத்தி முதலாம் சிலிண்டரின் துவாரத்தில் பூட்டுங்கள். காரின் முன்னால் செருகிச் சுற்றும் ஹாண்டிலால் இஞ்சினை மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்ற்றில் முட்டி நிற்கும். ரைமிங் மூடியில் உள்ள நீளமான பல்லுக்கு நேரே புல்லியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றி மீண்டும் முட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவில் இருப்பதே உண்மையான ரீடீசீ. புல்லியில் உள்ள வெட்டு அங்கே இல்லையென்றால், வெட்டை மறந்துவிட்டு நீங்கள் கண்ட இடத்தில் வெள்ளைப் பெயின்ற் அடையாளம் வையுங்கள். இந்த வேலையை ஸ்ராட்டர் மோட்டரால் செய்ய வேண்டாம், பிஸ்டன் துளைபடும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிளக் இல்லாததால் ஆபத்தில்லை; ஆனால் பின்னுக்கு உதைக்கும் இஞ்சினை ஹாண்டிலால் ஸ்ராட் பண்ணும் ஒருவருக்குப் பெருவிரல் மறுபக்கத்தில் இருந்தால் எலும்பு முறிவது உறுதி.

அடுத்தது பொயின்ற். ரைமிங் வைத்த பிறகு பொயின்ற் இடைவெளியைத் தொட்டால் வைத்த ரைமிங் மாறிவிடும் என்பதால், வரிசை முக்கியம். இடைவெளி கூடினால் பொயின்ற் சீக்கிரம் திறந்து ரைமிங் முந்தும். ஓடஓட, கேமில் உரசும் அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்தால் ரைமிங் பிந்தும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டருக்கு 0.014 அங்குலத்திலிருந்து 0.016 அங்குலம் வரையான இடைவெளி வேண்டும், கேமின் மேடு குதிகாலை முழுதாகத் தூக்கியிருக்கும்போதே அதை அளக்க வேண்டும். ஒரு பக்கத்தில் குழியும் மறுபக்கத்தில் மேடும் விழுந்த பொயின்றில் இடைவெளியை அளக்கும் பீலர் கேஜ் பொய்யான அளவையே காட்டும், ஆகவே புதியதை மாற்றிவிடுங்கள். பொயின்ற் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீற்றர் கிடைத்தால் 60 பாகை, மூன்று பாகை கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த மீற்றரின் முள் ஐடிலில் ஓரிடத்திலும் வேகத்தில் வேறிடத்திலும் நின்று ஆடினால், டிஸ்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ரோட்டர் (சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் மின்சாரத்தைக் கொடுக்கும் துண்டு) பொருந்தியிருக்கும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாலும் அது கைக்குத் தெரியும். புஷ் தேய்ந்த டிஸ்ரிபியூட்டரில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு ரைமிங், அதை எவராலும் சரியாக வைக்க முடியாது.

இப்போது நான் சந்தேகப்படும் இடத்துக்கு வருகிறேன். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரைப் பிடித்து அது சுழலும் திசையில், ஏ-சீரிஸில் மேலிருந்து பார்க்க மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில், மெதுவாக முறுக்கிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் சிறிது தூரம் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்பும், விட்டதும் தானாகப் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அசையவே மாட்டேன் என்றாலோ, அசைந்து திரும்பி வராமல் நின்றாலோ, மறுபக்கம் முறுக்கியதும் தேங்கியிருந்தது போல் பின்னே நகர்ந்தாலோ, குறை அங்கேதான். கடலோரக் காற்றில் வருடக்கணக்காக ஓடாமல் நின்ற கார்களில் இது மிகச் சாதாரணமாக வருவது. ரோட்டரைக் கழற்றினால் தெரியும் திருகாணியின் மேல் அவ்வப்போது சில துளி எண்ணெய் விடவேண்டும் என்று கையேடு சொல்லும். கேமுக்கும் தண்டுக்கும் இடையே அந்த எண்ணெய்தான் இறங்குகிறது. பலர் பொயின்றை மாற்றுவார்கள், இந்த எண்ணெயை நினைப்பதில்லை.

டிஸ்ரிபியூட்டரை வெளியே எடுப்பதாக இருந்தால், கிளாம்ப் போல்ற்றைத் தளர்த்தாமல், கிளாம்ப் தட்டை இஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைக் கழற்றி எடுங்கள். அப்போது இருந்த கோணம் குலையாது. அடியில் உள்ள கொளுவி நடுவிலிருந்து சற்று விலகி அமைந்திருப்பதால் திரும்ப ஒரே ஒரு விதத்தில்தான் அது பொருந்தும். பொயின்ற் தட்டைத் தூக்கியதும் இரண்டு எடைக்கட்டைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் தெரியும். கேமைக் கழற்றுமுன், ரோட்டர் பொருந்தும் பள்ளம் அடியிலுள்ள கொளுவிக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அடையாளம் வைத்துவிடுங்கள். கேமைத் தலைமாறிப் பூட்டினால் ரோட்டர் நேர் எதிரே பார்க்கும், இஞ்சின் இருமுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. மண்ணெண்ணெயில் கழுவி, துருவை மென்மையான பிரஷால் எடுத்து, கட்டைகளின் அச்சாணிகளுக்கு இலேசாக எண்ணெய் விட்டால் பெரும்பாலும் போதும். இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று தடித்ததாக, கொக்கியில் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கக் காணலாம். அது பழுதல்ல, கட்டைகள் ஓரளவு விரிந்த பின்னரே அந்த ஸ்பிரிங் வேலைக்கு வரவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். "இது தளர்ந்துபோச்சு" என்று யாரோ கொக்கியை நசுக்கி இறுக்கிய டிஸ்ரிபியூட்டர்களும், மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் மாட்டிய டிஸ்ரிபியூட்டர்களும் உண்டு, அவற்றில் அட்வான்ஸ் ஒருபோதும் ஒழுங்காக வராது. கட்டைகளின் அடித்தட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது டிஸ்ரிபியூட்டர் தரும் அதிகபட்ச அட்வான்ஸ். டிஸ்ரிபியூட்டர் கிராங்க் ஷாப்ட்டின் பாதி வேகத்தில் சுழல்வதால், புல்லியில் அளக்கும்போது அதை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

தட்டைத் திரும்பப் பூட்டும்போது, பொயின்றுக்கு வரும் சிறு வயரையும், தட்டை உடலோடு இணைக்கும் எர்த் வயரையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெளியே நூல் உறை முழுதாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். தட்டு அசையும்போது மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வரும், இஞ்சின் ரைமிங் குறை போலவே தடுமாறும்.

வக்யூம் டப்பாவைச் சோதிப்பது எளிது. கார்புரேற்றர் பக்கத்துக் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தால், பொயின்ற் தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நகர்ந்து மெல்லத் திரும்பிவிட்டால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கிறது. அதன் குறைவால் நொக்கிங் வராது, ஆனால் சமதரையில் பெற்றோல் செலவு கூடும், எங்கள் வீதிகளில் அது கணிசமாகவே தெரியும்.

இவை முடிந்த பிறகே ரைமிங் வைக்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றி, நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி மற்றது திறக்கும் ஆட்டத்தில் இருக்கும் வரை இஞ்சினைச் சுற்றினால், முதலாம் சிலிண்டர் அமுக்க நிலையில் உச்சியில் இருக்கிறது. ரோட்டர் முதலாம் பிளக் வயரைப் பார்க்க வேண்டும், அங்கிருந்து எதிர்த்திசையில் 1, 3, 4, 2 என்று வயர்கள் போக வேண்டும். உங்கள் இஞ்சினின் எண்ணுக்கும் டிஸ்ரிபியூட்டரின் உடலில் அடித்திருக்கும் எண்ணுக்கும் உரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். இந்த இஞ்சின்களுக்கு நின்ற நிலையில் வைக்கும் அளவு ரீடீசீக்கு முன் 5 பாகைக்குள் அடங்கும். 12 வோல்ற் பல்ப் ஒன்றின் ஒரு முனையை டிஸ்ரிபியூட்டருக்கு வரும் சிறு வயரின் முனையத்திலும் மறுமுனையை இஞ்சின் உடலிலும் தொடுத்து, சாவியைப் போட்டுவிட்டு, ஹாண்டிலால் முன்திசையில் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். பல்ப் எரியும் கணமே பொயின்ற் திறக்கும் கணம். அடையாளத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னே சுற்றித் திருத்த வேண்டாம். ரைமிங் சங்கிலியின் தளர்வு அளவைக் கெடுத்துவிடும், கால் சுற்றுப் பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள். ரோட்டர் எதிர்த்திசையில் ஓடுவதால், டிஸ்ரிபியூட்டரை மணிக்கூட்டுத் திசையில் திருப்பினால் ரைமிங் முந்தும். நுண்ணிய திருத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள வரிவரியான சிறு திருகு போதும். அதன் அளவுகோலில் ஒரு பிரிவு ஏறத்தாழ 5 பாகை.

ஸ்ரோப் லைற் (தீப்பொறி விழும் ஒவ்வொரு கணமும் மின்னி, சுழலும் புல்லியின் அடையாளத்தை நின்றது போல் காட்டும் விளக்கு) ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் கட்டாயம் வாங்குங்கள், ஏனென்றால் நின்ற நிலையில் வைக்கும் பல்ப் அட்வான்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்தால் அது 30 பாகை. ரீடீசீ அடையாளத்திலிருந்து புல்லி சுழலும் திசையில் அந்தத் தூரம் தள்ளி இரண்டாவது கோடு வையுங்கள். முதல் கோடு பற்களுக்கு வந்து சேர்ந்ததற்குப் பிறகு 30 பாகை கழிந்தே அது அங்கே வரும் என்றால் பக்கம் மாறிவிட்டது. அது முந்தி வர வேண்டும். வக்யூம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, ஐடிலிலிருந்து வேகத்தை மெல்லக் கூட்டும்போது, பற்களுக்கு நேரே தெரியும் இடம் ரீடீசீ கோட்டுப் பக்கத்திலிருந்து 30 பாகைக் கோட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், வேகம் குறைந்ததும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். அசையாமல் நின்றால் கட்டை இறுக்கம். ஐடிலிலேயே பாதி வழியில் நின்றால் கட்டை விரிந்து நிற்கிறது. ஒரே வேகத்தில் முன்னும் பின்னும் துள்ளினால் புஷ் அல்லது சங்கிலி.

எல்லாம் சரியாக வந்தும் ஏற்றத்தில் சத்தம் மிஞ்சினால், மெலிந்த கலவையும் பிஸ்டன் தலையில் படிந்த கரியும் பார்க்கப்பட வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் இஞ்சின் இழுக்கும் காற்றே சூடாக இருப்பதால் நொக்கிங் இன்னும் எளிதாக வரும். 92 ஒக்ரேன் பெற்றோலோடு ஓடியதா 95 ஒக்ரேனோடு ஓடியதா என்று நீங்கள் எழுதவில்லை. 95 ஊற்றி நொக்கிங்கை மறைத்தால் இறுகிய கட்டை அப்படியே இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் லுணுகலைக்குப் போக வேண்டியதில்லை. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆள்நடமாட்டமில்லாத நேரான வீதியில், டொப் கியரில் 25 மைல் வேகத்தில் அக்ஸிலரேற்றரை முழுதாக மிதியுங்கள். இலேசாக ஒரு கணம் சத்தம் கேட்டு மறைந்தால் ரைமிங் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. தொடர்ந்து கேட்டால் திருகைப் பிந்தும் பக்கம் அரைப் பிரிவு திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

எலெக்ற்றோனிக் இக்னிஷன் பொயின்றை மட்டுமே மாற்றுகிறது. தேய்ந்த புஷ்ஷும் இறுகிய எடைக்கட்டையும் அதன் அடியில் அப்படியே இருக்கும், உங்கள் கார் இப்போது போலவே லுணுகலையில் கத்தும். டிஸ்ரிபியூட்டர் திருத்தப்பட்ட பிறகு பொயின்ற் மாற்றும் தொல்லை வேண்டாம் என்று அதைப் பூட்டுவதானால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாங்குமுன் பற்றரியின் எந்த முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மைனர்கள் நேர்முனை எர்த்தோடு வெளிவந்தவை, சில கார்கள் இங்கே எதிர்முனைக்கு மாற்றப்பட்டுவிட்டன. மாறிப் பூட்டினால் பெட்டி அந்த இடத்திலேயே எரிந்துபோகும்.